நம்ம ஆள்தானே, கொஞ்சம் எழும்புங்க

கதிரை வாடகைக்கு விடுறவன் கல்யாண வீட்டிலும் உட்கார மாட்டான், செத்த வீட்டிலும் உட்கார மாட்டான்.

பந்தல் கட்டுறவங்க, மைக்செட் போடுறவங்க, வீடியோ எடுக்கிறவங்க, பந்தியில் பரிமாறுறவங்க, நீங்க எல்லாரும் நம்ம கட்சி. ஊரே மேடையைப் பார்த்துக்கிட்டு இருக்கும்போது நாம மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிற்போம். யார் இடமில்லாம நிற்கிறாங்க, யார் குழந்தையோட தடுமாறுறாங்க, எந்தக் கதிரை காலை விரிச்சிருச்சு, இதுதான் நமக்கு நாடகம். கட்டுகஸ்தோட்டையில் இருபத்திரண்டு வருஷமா இந்தத் தொழில் செய்றேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதுக்குள்ள முந்நூறு பிளாஸ்டிக் கதிரை. ஏத்தி இறக்க கலகெதர நிஸாம் நானாவின் லொறி, அவர் வாயில் 'இருக்கு' எல்லாம் 'ஈக்கு'தான். கூடமாட என் பெண்டாட்டி சரோஜா. இவ்வளவுதான் எங்க கம்பனி.

ஏப்ரல் லீவு வந்தா எங்களுக்கு ஒரு பெரிய வேலை வரும். பல்லேகலைக்குப் போற பாதையில், மலைச்சரிவை வெட்டிச் சமன்படுத்தின ஒரு மைதானத்தில் அஞ்சு நாள் பழைய நாடகங்கள் போடுவாங்க. எல்லாம் அந்தக் காலத்து ராஜா ராணிக் கதைகள். பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கி, தூரத்துச் சனங்களுக்கு பஸ் இருக்கும்போதே முடிச்சிருவாங்க. பேர், கோடை நாடக விழா. கண்டியில் ஏப்ரல் மாசம் காலையில் மட்டும்தான் கோடை. மூணு மணிக்கு மேல இடி இடிக்கும். இதைச் சொன்னா விழாச் செயலாளர் அருளையா மாஸ்டருக்குக் கோபம் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் முப்பது வருஷம் படிப்பிச்சு, பென்ஷன் எடுத்துக்கிட்டு, இப்ப விழாவே உயிர்னு இருக்கிற மனுஷன்.

நான் சொல்லப் போறது போன வருஷத்து விழாவை. சிரிச்சுக்கிட்டேதான் தொடங்குறேன். எங்க போய் முடியும்னு எனக்கு மட்டும் தெரியும்.

முடிவு தெரியாத கதை

கடைசி நாள் நாடகம்தான் சரோஜாவுக்கு உயிர். நாட்டைத் தோத்த ஒரு ராஜா, அடுத்த தேசத்துக் கோட்டையில் வாசல் காவலனா வேலைக்குச் சேர்றான். உத்தரவு இல்லாம யாரையும் உள்ளே விட மாட்டேன்னு எசமானுக்குச் சத்தியம் செஞ்சு கொடுக்கிறான். வருஷக்கணக்கா அவனைத் தேடி அலைஞ்ச ராணி, ஒரு நாள் அதே வாசலுக்கு வந்து நிற்கிறாள். அவன் கையில் இருக்கிற கம்பைக் குறுக்கே நீட்டுறான். அது வரைக்கும் சரோஜாவுக்குத் தெரியும். கம்பை நீட்டின பிறகு என்ன ஆச்சுன்னு தெரியாது. சின்னப் பிள்ளையில் தேயிலைத் தோட்டத்தில் பார்த்தப்போ தூங்கிப் போயிட்டாள். பெரியவளான பிறகு வத்தேகமையில் போட்டாங்க, மழை வந்து பாதியில் கலைஞ்சு போச்சு. மூணாந்தரம், எங்க கல்யாணத்துக்குப் பிறகு. அன்னைக்குக் கெடுத்தது மழை இல்லை, நான். ராணி வாசலுக்கு வர்ற நேரம் பார்த்து, "சரோ, பின்வரிசையை அடுக்கத் தொடங்கு, லொறி வந்துருச்சு"ன்னு கூப்பிட்டேன்.

யார்கிட்டக் கேட்டாலும் ஒரு நிமிஷத்தில் முடிவைச் சொல்லிருவாங்க. ஆனா யாராவது சொல்ல வாயெடுத்தா சரோஜா ரெண்டு காதையும் பொத்திக்குவாள். இத்தனை வருஷத்தில் என்கிட்ட நகை வேணும்னு கேட்டதில்லை, திருப்பதிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்கன்னு கேட்டதில்லை. விழா தொடங்குற அன்னைக்குக் காலையில், கதிரை உறைகளை அயன் பண்ணிக்கிட்டே, தலையை நிமிர்த்தாம சொன்னாள்:

"கடைசி நாள் எனக்கு ஒரு கதிரை, உங்களுக்கு ஒரு கதிரை. முடிவு வரைக்கும் ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

உறை போட்ட கதிரை

முன்வரிசைக் கதிரைகளுக்கு வெள்ளை உறை போட்டு, முதுகில் சிவப்பு நாடா கட்டுவோம். பிரதம அதிதி, விசேட அதிதி, கௌரவ அதிதி, இவங்க எல்லாம் உட்காரவேண்டிய இடம். உறைக்கு உள்ளே இருக்கிறது அதே கதிரைதான். அதில் ஒண்ணுக்குக் கைப்பிடி வெடிச்சு நானே கம்பி வைச்சுக் கட்டியிருக்கேன். ஆனா உறை போட்டாச்சுன்னா அதுக்கு வர்ற மவுசே வேற.

முதல் நாள், மூணரை மணிக்கே வத்தேகமையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கையில் குடை, தோளில் பை. நேரா வந்து உறை போட்ட நடுக்கதிரையில் சாஞ்சு உட்கார்ந்தார். "ஐயா, இது அதிதிக்கு"ன்னேன். மனுஷன் முகம் கோணாம ரெண்டாவது வரிசைக்குப் போனார். அது பத்திரிகைக்காரங்களுக்கு. மூணாவது வரிசைக்குப் போனார். அது நடிகர்களோட குடும்பத்துக்கு. நாலாவது வரிசையில் கொஞ்ச நேரம் இருந்தார், பாடசாலைப் பிள்ளைங்க வந்துட்டாங்க. கடைசியா ஏழாவது வரிசையில் ஓரக்கதிரையில் உட்கார்ந்து, பையை மடியில் வைச்சுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நாடகம் இன்னும் தொடங்கல. அதுக்குள்ள நான் நாலு காட்சி நடிச்சு முடிச்சிட்டேன்."

தொழில் ரகசியம்

கதிரை பத்தாம போச்சுன்னா என்ன செய்றது? எங்க தொழிலில் இதுக்கு ஒரே வழிதான் உண்டு. நம்ம ஆளை எழுப்பு. வெளி ஆளை எழுப்பினா சண்டை வரும், சம்பந்தி ஆளை எழுப்பினா சம்பந்தமே போயிரும். சொந்தக்காரனை எழுப்பினா ஒண்ணும் ஆகாது. "நம்ம ஆள்தானே, கொஞ்சம் எழும்புங்க"ன்னா போதும், பல்லைக் காட்டிக்கிட்டு எழும்பிருவான். நான் மட்டும் இல்லை, நம்ம சனம் முழுக்க இப்படித்தான். வந்தவனுக்கு இடம் கொடுக்க வீட்டுக்காரனை நிற்க வைக்கிறதைத்தான் நாம மரியாதைன்னு சொல்றோம். நீங்களும் எத்தனை பந்தியில் இலையை விட்டு எழும்பியிருப்பீங்க, நினைச்சுப் பாருங்க.

என் தங்கச்சி கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் ஒரு வேன் கூடுதலா வந்துட்டாங்க. நான் முதல்ல எழுப்பினது எங்க அம்மாவை. அம்மா மண்டபத்துச் சமையல்கட்டு வாசலில் நின்னுதான் தாலி கட்டுறதைப் பார்த்தாங்க. கெட்டிமேளம் கொட்டும்போது எக்கி எக்கிப் பார்த்தாங்களாம். இதை நான் பெருமையா, என் சமயோசிதத்துக்கு ஒரு உதாரணமா, நிஸாம் நானாவுக்குச் சொன்னேன். அவர் லொறிப் பலகையை இறக்கி வைச்சுட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மச்சான், ஒங்களுக்குச் சொந்தமாப் பொறக்கிறவனுக்கு காலு நல்லாப் பலமா ஈக்கணும்."

மேட்ச் நாள்

ரெண்டாம் நாள் பல்லேகல ஸ்டேடியத்தில் கிரிக்கெட் மேட்ச். இது மாஸ்டருக்குத் தெரியாது. அவருக்கு அஞ்சு நாளும் நாடகம் மட்டும்தான் தெரியும். ரெண்டு மணிக்கே பாதை அடைச்சுப் போச்சு. நாலு மணிக்கு முந்நூறு கதிரைக்கு நாற்பது பேர். மாஸ்டர் கேட்டுக்கும் மேடைக்கும் நடக்கிறார், "வருவினம், வருவினம்"ங்கிறார். யாரும் வரல.

விழாவில் தேத்தண்ணி ஊத்துறதும் சரோஜாதான், வாளியை மூடி வைச்சுட்டு வந்தாள். "இன்னைக்கு இடம் தாராளமா இருக்கே, ஒரு அரை மணித்தியாலம் உட்காருவோமா? சும்மா, பழகிக்கிறதுக்கு"ன்னு கேட்டாள். நல்லாத்தான் கேட்டாள். "யாராவது வந்தா எங்க உட்கார வைக்கிறது? நீ வேணும்னா உட்காரு"ன்னேன். இருநூற்று அறுபது வெறுங்கதிரைக்கு நடுவில் நின்னுக்கிட்டு ஒருத்தன் இப்படிச் சொன்னான்னா, அவனை என்ன செய்யலாம்? அவள் தனியா உட்காரல, திரும்பிப் போயிட்டாள்.

அரை மணித்தியாலம் கழிச்சு நாலு வாலிபப் பசங்க உள்ளே வந்தாங்க. முகம் முழுக்கக் கொடிச் சாயம், கையில் ஊதல். டிக்கெட் கிடைக்காம திரும்பினவங்க போல. கூட்டம் இல்லாத நாளில் உறையும் இல்லை கிறையும் இல்லை, முன்வரிசையிலேயே உட்கார வைச்சேன். அன்னைக்கு நாடகத்திலும் ஒரு ராஜா நாட்டைத் தோத்துட்டு முழந்தாளில் நின்னு புலம்புறார். பசங்க மூச்சுக் காட்டாம பார்த்தாங்க. அதில் ஒருத்தன் மெதுவா என் சட்டையை இழுத்தான்.

"அண்ணே, ராஜா அவுட்டா, இல்ல இன்னும் ஆடுறாரா?"

நடந்து போன கதிரைகள்

மூணாம் நாள் மழை. மூணாவது காட்சியில் ரெண்டு சொட்டு விழுந்துச்சு, சனங்க அசையல. அடுத்து வானத்தைக் கிழிச்சுக்கிட்டுக் கொட்டுச்சு. பிளாஸ்டிக் கதிரை வைச்சிருக்கிற எல்லாருக்கும் அடுத்து என்ன நடக்கும்னு தெரியும். நம்ம சனம் ஒதுங்க இடம் தேடாது. எழும்பும், உட்கார்ந்திருந்த கதிரையைத் தூக்கும், தலையில் கவுத்துக்கும், நடக்கும். முந்நூறு கதிரைக்கும் கால் முளைச்ச மாதிரி வரிசையா கேட்டைத் தாண்டி பஸ் நிற்கிற ஹோல்ட் பக்கம் போகுது. "அம்மா, கதிரை! அண்ணே, கதிரை!"ன்னு நான் மழைக்குள் ஓடுறேன். சரோஜா சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு மற்றப் பக்கத்தால் ஓடுறாள். அவள் சிரிச்ச சிரிப்பு இருக்கே! நனைஞ்சு, சேறு பூசி, ஒவ்வொரு கையிலும் ரெண்டு கதிரையோட நின்னு, மூச்சு வாங்கிச் சிரிச்சாள். அன்னைக்கு நான் அவளைப் பார்த்துக் கத்தினேன். "சிரிக்கிற நேரமா இது?"ன்னு.

ஒரு கதிரை மட்டும் கிடைக்கல. அடுத்த நாள் ஒரு தோட்டத்து அம்மா அதைத் தலையில் வைச்சுக்கிட்டு வந்து சேர்ந்தாங்க. மழை விடாததால் பஸ்ஸுக்குள்ளேயும் கொண்டு போயிட்டாங்களாம். வீட்டில் கழுவித் துடைச்சு, வெயிலில் காய வைச்சுக் கொண்டு வந்திருந்தாங்க. அவங்க கதிரையை இறக்கி வைச்சுட்டு, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க:

"கண்டக்டர் இதுக்கும் டிக்கெட் போட்டுட்டான் அண்ணே. அதனால வரும்போது இதை சீட்டுல உட்கார வைச்சுத்தான் கொண்டு வந்தேன்."

வெள்ளை வரிசை

நாலாம் நாள் பிரதம அதிதி அஞ்சு மணிக்கு வந்தார். அன்னைக்குன்னு பார்த்து மழை வரல, நாலு மணிக்கு வந்த சனம் ஒரு மணித்தியாலம் வெயிலில் காய்ஞ்சுச்சு. வந்த பிறகு மாலை, மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, பொன்னாடை. பொன்னாடை போர்த்தினவருக்கும் ஒரு பொன்னாடை. நாடகம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் அதிதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எழும்பினார். அவர் எழும்பினதும் முன்வரிசை முழுக்க எழும்பிப் போச்சு. வாகனம் நாலு கிளம்பிச்சு. மீதி நாடகம் முழுக்க முன்வரிசையில் பத்து வெள்ளைக் கதிரை நாடா கட்டிக்கிட்டுச் சும்மா இருந்துச்சு. பின்னால் சனம் நிற்குது. நானும் உறை அழுக்காகும்னு யாரையும் உட்கார விடல.

முடிஞ்ச பிறகு, ராணியா நடிச்ச டீச்சர் முகத்துச் சாயத்தை எண்ணெய் போட்டுத் துடைச்சுக்கிட்டே வந்தாங்க. அடுத்த நாளும் அவங்கதான் ராணி. நான் ஏதோ மரியாதைக்கு, "நல்லா இருந்துச்சு டீச்சர்"ன்னேன். நான் பார்க்கவே இல்லைன்னு அவங்களுக்குத் தெரியும்.

"மூணு மாசம் பாடமாக்கி, கடைசியில உங்க உறைக்குத்தான் அழுது காட்டினேன் அண்ணே."

மூணாவது வரிசை

இவ்வளவுக்கும் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்கணும். ஒரு அளவுக்கு வந்துச்சு. கடைசி நாள் பகலே மூணாவது வரிசையில் நடுவில் ரெண்டு கதிரை தெரிஞ்செடுத்தேன். கால் ஆடாத கதிரை. ஒண்ணில் என் குடை, மற்றதில் சரோஜாவின் சாப்பாட்டுப் பை. நாலு மணிக்குச் சரோஜா வந்தாள். நீலச் சேலை, தலையில் மல்லிகைப் பூ. வேலைக்கு வர்ற நாளில் அவள் பூ வைக்க மாட்டாள். வந்து உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

சொன்னா நம்ப மாட்டீங்க, என் கதிரையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தரம். முதுகில் ஒரு வரம்பு குத்துது. முன்னால் சாஞ்சா வழுக்குது, பின்னால் சாஞ்சா கால் தரையில் படல. "இதிலயா சனங்களை மூணு மணித்தியாலம் உட்கார வைச்சோம்?"ன்னு சரோஜாவின் காதில் கேட்டேன். அவள் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாள். மேடைக்கு முகம் காட்டி இருந்தா எல்லாம் வேற மாதிரி இருக்கு. பின்னால் மலை தெரியுது, திரை காத்தில் உப்பித் தாழுது. அவள் கை என் கைக்குப் பக்கத்தில் இருந்துச்சு. நாலு நிமிஷம் இருக்கும், கூடினா அஞ்சு.

கேட் பக்கம் வாகனம் வந்து நின்னுச்சு. கடைசி நாளுக்குரிய பிரதம அதிதி, பெண்டாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள்னு குடும்பத்தோட வந்திருந்தார். முன்வரிசையில் ரெண்டு கதிரை குறையுது. மாஸ்டர் என்னைப் பார்த்து ரெண்டு விரலைக் காட்டினார். பின்னால் போய் ரெண்டு கதிரை தூக்கிக்கிட்டு வந்திருக்கலாம், இருபது அடி தூரம். எழும்பின நேரம் எனக்கு அது தோணவே இல்லை. இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம் வாயில் வந்துருச்சு. "சரோ, நீ நம்ம ஆள்தானே, கொஞ்சம் எழும்பு." அவள் உடனே எழும்பினாள். அதிதியின் மருமகள் ஓடி வந்து, "வேணாம் அங்கிள், அவங்க இருக்கட்டும், நாங்க நிற்கிறோம்"னு சொல்லுது. அந்தப் பிள்ளைக்கு இருந்த இங்கிதம் எனக்கு இல்லாம போச்சே! நான் பெரிய மனுஷன் மாதிரி, "சீச்சீ, இது என் வீட்டுக்காரிதான், நீங்க இருங்க மகள்"னு சொல்லி, ரெண்டு கதிரையையும் தூக்கி முன்னால் போட்டேன். போட்டுட்டு, "வந்தவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்து சரோ, பத்து நிமிஷத்தில் வேற கதிரை போட்டுத் தாறேன்"னு அனுப்பினேன்.

பத்து நிமிஷம் எங்க போச்சுன்னு தெரியல. ஒரு பிள்ளை வாந்தி எடுத்துச்சு, ஒரு கதிரை உடைஞ்சுச்சு, ஒலிபெருக்கிக்குப் பின்னால் இருந்தவங்க சண்டை போட்டாங்க. திடீர்னு சனம் முழுக்க எழும்பிக் கைதட்டுது. ஓடிப் போய்ப் பார்த்தேன். தேத்தண்ணிக் கொட்டகை மேடைக்குப் பின்பக்கம். சரோஜா வாளிக்குப் பக்கத்தில் நின்னு கோப்பை கழுவிக்கிட்டு இருந்தாள். "முடிவு பார்த்தியா?"ன்னு கேட்டேன், வெட்கம் இல்லாம.

"கைதட்டுறது கேட்டுச்சு. நல்ல முடிவாத்தான் இருக்கும்."

லொறிக்குள்ள

கதிரை ஏத்தி முடிச்சு லொறியில் ஏறினோம். நிஸாம் நானா ஸ்டியரிங்கில், நான் ஜன்னல் ஓரம், சரோஜா நடுவில். பூ வாடியிருந்துச்சு. சரோஜா காதைப் பொத்துற கதை நானாவுக்குத் தெரியாது, நல்ல மனசு. அவர் அன்னைக்கு லொறிக் கூரையில் ஏறிச் சப்பணம் போட்டு உட்கார்ந்து நாடகம் முழுக்கப் பார்த்திருக்கார். மைதானத்திலேயே நல்ல இடம் அதுதான். சந்தோஷம் தாங்கல.

"தங்கச்சி, அந்தக் கடைசி ஈக்கே, கல்லும் கரையும்"னு தொடங்கினார். நான் சரோஜாவைப் பார்த்தேன். காதைப் பொத்துவாள்னு நினைச்சேன். பொத்தல. கையை மடியில் வைச்சுக்கிட்டு நேரா பாதையைப் பார்த்துக்கிட்டு இருந்தாள். நானா சொல்றார்: காவலன் கம்பை நீட்டுறான். ராணி ஒரு சொல் பேசாம திரும்பி நடக்கிறாள். போகப் போக அவன் பார்த்துக்கிட்டே நிற்கிறான். பிறகு கம்பைக் கீழே போட்டுட்டு, சத்தியத்தையும் வேலையையும் வாசலையும் விட்டுட்டு, ஓடிப் போய் அவள் பக்கத்தில் நிற்கிறான். அதுதான் முடிவு. நூறு வருஷமோ இருநூறு வருஷமோ சனம் அழுதுக்கிட்டுப் பார்க்கிற முடிவு. பார்த்துத்தான் தெரிஞ்சுக்குவேன்னு சின்ன வயசிலிருந்து அவள் மூடி வைச்சிருந்தது, லொறி இரைச்சலுக்குள்ள, கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஒரு நிமிஷத்தில் முடிஞ்சு போச்சு. சரோஜா பாலம் தாண்டுற வரைக்கும் யோசிச்சுட்டுக் கேட்டாள்:

"அந்தக் கம்பை முதல்லயே கீழ போட்டிருக்கலாமே நானா?"

இந்த வருஷம்

சனம் விரும்பிக் கேட்டதால் இந்த வருஷமும் கடைசி நாள் அதே நாடகம். ஒரு மாசத்துக்கு முன்னாலேயே மாஸ்டர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டேன். "மாஸ்டர், முன்வரிசையில் ரெண்டு கதிரை எனக்கு. எந்த அதிதி வந்தாலும் அது அசையாது." மனுஷன் என் முகத்தைப் பார்த்துட்டு, "ஓம் தம்பி, ஓம்"னு சொன்னார், வேற ஒண்ணும் கேட்கல. ரெண்டு கதிரைக்கும் புது உறை தைப்பிச்சேன். நாடாவை நானே கட்டினேன், கொஞ்சம் கோணல். பின்பக்கம் மேலதிகமா இருபது கதிரை. தேத்தண்ணிக்கு வேற ஆள்.

சரோஜா வந்தாள். வீட்டில் கட்டுற சேலை, பூ இல்லை. ரெண்டு கதிரையையும் பார்த்தாள், உறையில் கைவைச்சுத் தடவினாள், "தையல் நல்லா இருக்கு"ன்னாள். பிறகு பின்னால் போய்க் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்னுக்கிட்டாள். நான் போய்க் கூப்பிட்டேன். வரல. கெஞ்சினேன். சுத்தி இருந்தவங்க திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கெஞ்சினேன். "நீங்க போய் உட்காருங்க, எனக்கு இங்க நல்லாத் தெரியுது"ன்னாள். கோபம் இல்லை அவள் குரலில். கோபம் இருந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்.

நானும் அவள் பக்கத்திலேயே நின்னேன். முன்னால் அந்த ரெண்டு வெள்ளைக் கதிரையும் கடைசி வரைக்கும் வெறுமனே இருந்துச்சு. முடிவை முதல் தரமா ரெண்டு பேரும் கண்ணால் பார்த்தோம், நின்னுக்கிட்டு. காவலன் கம்பைப் போட்டுட்டு ஓடினபோது சனம் எல்லாம் அழுதுச்சு. நான் அழுதேன். சரோஜா அழல, நானா சொன்னது சரியான்னு பார்த்துக்கிட்டு இருந்த மாதிரி இருந்தாள். கைதட்டல் ஓய்ஞ்ச பிறகு, "கால் வலிக்கலையா? உட்கார்ந்திருக்கலாமே சரோ"ன்னு கேட்டேன். அவள் என் தோளில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டுக்கிட்டே, சாதாரணமாத்தான் சொன்னாள்:

"உட்கார்ந்தா, நீங்க எப்ப எழும்பச் சொல்லுவீங்களோன்னே மனசு கிடந்து அடிக்கும். நின்னா அந்தப் பயம் இல்லைங்க."

இந்தக் கண்டியில் நான் உட்கார வைக்காத ஆள் ஒருத்திதான் பாக்கி, அவள் வீட்டுக் கொட்டகையில்தான் முந்நூறு கதிரை அடுக்கிக் கிடக்கு.